நாய் சிப்புக்குப் பேர் மாத்தித் தர்றோம்னு 3,200 ரூபாயைச் சுருட்டிட்டாங்க, டெல்டா ஆளுங்க உஷார்

3,200 ரூபாய் போச்சு. இன்னிக்குக் காலையிலதான் உறுதியாச்சு, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் நாய் தத்தெடுத்தவங்க படிங்க. என்ன பண்ணணும்ங்கறதையும் கடைசியில சொல்றேன்.

காப்பகத்துல கொடுக்கும்போதே நாய்க்கு சிப் (தோலுக்கு அடியில வைக்கற அடையாள மைக்ரோசிப்) இருந்துச்சு, பதிவு மட்டும் பழைய ஆள் பேர்ல. மாத்தலாம்னு தேடினா, செல்லப்பிராணி பதிவு பண்ற ஒரு இணையதளம் வந்து நின்னுச்சு. பேர் மாற்றம், ஆயுள் பதிவு, ஜிபிஎஸ் எல்லாம் சேர்த்து 3,200. ஜிபிஎஸ்னு பார்த்ததுமே சுதாரிச்சிருக்கணும். சிப்புங்கறது அரிசி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய், 12 மில்லிமீட்டர் நீளம். பேட்டரியே கிடையாது. ஸ்கேனரைக் கிட்ட கொண்டுபோனா அதோட ரேடியோ அலையில 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். நாய் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போனாலும் சிப்புக்கு ஒண்ணும் தெரியாது.

நம்ப வச்சது ஒரு போன். "தத்துப் படிவத்தை வாட்ஸப்புல அனுப்புங்க சார், சரிபார்க்கணும்." அரைமணி கழிச்சுக் கூப்பிட்டு நிறம், வயசு, தடுப்பூசி தேதி, சிப் எண்ணு கடகடன்னு ஒப்பிச்சாங்க. ஆகா, எல்லாம் இவங்ககிட்டயே இருக்கேன்னு உடனே யுபிஐல பணம் போயிடுச்சு. நாம அனுப்பின காகிதத்தை நமக்கே வாசிச்சுக் காட்டியிருக்காங்க!

வந்தது ஒரு பிளாஸ்டிக் கார்டு. அதுல இருந்த எண்ணு 14 இலக்கம். கேட்டா "பிரிண்டிங் மிஸ்டேக் சார், சிஸ்டத்துல கரெக்டா இருக்கு". அப்புறம் "48 மணி நேரத்துல அப்டேட் ஆயிடும்". அப்புறம் "சர்வர் வேலை நடக்குது". இன்னிக்கு ஸ்கேன் பண்ணி, காப்பகம் மூலமா மூலப் பதிவுல பார்த்தா இன்னும் பழைய ஆள் பேரும், உபயோகத்துல இல்லாத போன் நம்பரும்தான் இருக்கு. திரும்பக் கூப்பிட்டா, "அந்த டேட்டாபேஸ் வேற கம்பெனி சார், அங்க நாங்க கை வைக்க முடியாது."

இதை 3,200 வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே? இதுதான் விஷயமே. பேரும் போனும் சிப்புக்குள்ள இல்ல, முதல்ல எங்க பதிஞ்சாங்களோ அந்தத் தளத்துல இருக்கு. பழைய ஆளோ காப்பகமோ அங்க விட்டுக்கொடுத்தாத்தான் மாறும். வேற எங்க காசு கட்டினாலும் அந்தப் பதிவு அசையாது.

விவரமா எழுத இப்ப கை வரல, முக்கியமானது மட்டும். தத்தெடுக்கற அன்னிக்கே, காப்பகத்து ஆள் பக்கத்துல இருக்கும்போதே பேரை மாத்திடுங்க. எந்தத் தளம்னு தெரியலைன்னா எண்ணோட முதல் மூணு இலக்கத்தைப் பாருங்க: 356ன்னா இந்தியா, 9ல ஆரம்பிச்சா பெரும்பாலும் சிப் தயாரிச்ச கம்பெனியோட குறியீடு, அங்கிருந்து விசாரிங்க. சிப் தோள்பட்டைக்கு நடுவுல கிடைக்கலைன்னா முன்னங்கால் வரைக்கும் ஸ்கேனரை ஓட்டச் சொல்லுங்க, நகர்ந்திருக்கும். போன் நம்பர் மாத்தினா அதே நாள் பதிவுலயும் மாத்துங்க. பணம் போயிடுச்சுன்னா கஸ்டமர் கேர்ல தொங்காம உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க.

தீபாவளி வெடிக்கு ஓடற நாயைப் பிடிக்கறவர் கையில ஸ்கேனர் இருக்காது. கும்பகோணத்துல பாத்திரத்துல பேர் வெட்டறவர்கிட்ட ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்து போன் நம்பரை வெட்டிக் கழுத்துப்பட்டையில மாட்டுங்க. அதுக்கு 3,200 ஆகாது.