மெரினாவிலிருந்து எண்ணூர் வரை: ஒரு புவியியல் கள வகுப்பு

தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். கல்லூரியில் புவியியல் விரிவுரையாளராக இருக்கும் ஒரு மேடம், ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் கள வகுப்பு நடத்துகிறார் என்று சக ஆசிரியை சொல்லி, 400 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். புவியியல் எடுக்கும் எல்லாரும் ஒருமுறை போக வேண்டும்.

மேடத்தின் ஆய்வு கரையோர மணலைப் பற்றியது. மணல் எங்கே சேர்கிறது, எங்கே கரைகிறது, அதனால் யார் வீடு போகிறது என்பதுதான். வகுப்பும் அந்தக் கேள்விகளிலேயே நடக்கிறது. காலை ஆறு மணிக்கு உழைப்பாளர் சிலை அருகே கூடினோம். சாலையிலிருந்து அலை வரை நடக்கவைத்துவிட்டு, "இவ்வளவு மணலும் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். அப்புறம்தான் விளக்கினார்.

ஒரு காலத்தில் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்திருக்கிறது. 1870களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டும் வேலையை விடவில்லை. நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே திரும்பும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த மணலைச் சுவர் மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே போக வேண்டியது போகவில்லை. இதை மேடம் மணலில் குச்சியை நட்டு, பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பாடப்புத்தகத்தில் கடல் அலைகளின் செயல்பாடு இரண்டு படங்களோடு முடிந்துவிடும். இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

அடுத்து வேனில், துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் காசிமேடு. அங்கே மணலே கிடையாது, கருங்கல் அடுக்குதான். வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம் மேடம் உட்கார்ந்து, "ஐயா, நீங்க சின்ன வயசுல இருந்தப்ப கரை எங்க இருந்துச்சு?" என்றார். அவர் கடலைக் கைகாட்டி, "அந்தக் கல்லைத் தாண்டி எங்க தெரு இருந்துச்சும்மா" என்றார். மேடம் அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பழைய வரைபடம், செயற்கைக்கோள் படம், இப்படி ஊரார் சொல்வது மூன்றையும் ஒப்பிட்டுத்தான் கரை நகர்ந்ததைக் கணக்கிடுகிறாராம். மீனவர் சொல்லை ஆதாரமாக மதிக்கும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. கல் தடுப்பு ஒரு குப்பத்தைக் காப்பாற்றினாலும், அரிப்பு அடுத்த குப்பத்துக்குத் தள்ளிப்போகும் என்பதையும் அங்கேயே நின்று விளக்கினார். என் மாணவர்களில் பாதிப் பேர் அந்தக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள்.

குறைகளும் உண்டு. கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கொடுத்த கையேடு முழுக்க ஆங்கிலம். மேடம் தமிழில் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறார். அதையே அச்சடித்துக் கொடுத்தால் பள்ளியில் பயன்படும். கழிப்பறைக்கு வழியில் ஏற்பாடு இல்லை, பெண்கள் அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

தொப்பியும் தண்ணீரும் அவசியம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். பள்ளிகளுக்கு வார நாட்களில் கட்டணம் குறைத்து நடத்த முடியுமா என்று மேடத்திடம் கேட்டிருக்கிறேன். தலைமை ஆசிரியரிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்.