கூகிள் கிளவுட் அப்டைம் செக்: உப்புவெளி விடுதித் தளங்களுக்குச் சரிவருமா?

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். புக்கிங் தளம் இரவில் விழுந்து விடிந்தபிறகு தெரியவந்தால் அந்த றூம் பக்கத்து விடுதிக்குப் போய்விடும். இதற்குக் கூகிள் கிளவுட் மொனிட்டரிங்கின் அப்டைம் செக் (தளம் இயங்குகிறதா என்று குறித்த இடைவெளியில் தானாகப் பார்க்கும் சோதனை) நல்ல காவல். விடுதி வைஃபையில் சோதித்தால் லைன் போனாலும் தளம் விழுந்தமாதிரித்தான் இருக்கும். இது ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று வெளியிலிருந்து பார்க்கிறது.

செக்கை அமைக்கும்போது எச்டிடிபிஎஸ் தெரிவுசெய்து டொமைன் (தளத்தின் பெயர்), பாதை (பார்க்கவேண்டிய பக்கத்தின் முகவரி) இரண்டையும் கொடுக்க வேண்டும். தயவுசெய்து முகப்புப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் கேஷ் பிளகின் (பக்கத்தின் சேமித்த நகலைக் காட்டும் துணை மென்பொருள்) இருந்தால், டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் முகப்பு 200, அதாவது ‘எல்லாம் சரி’, என்றே பதில் தரும். கேஷ் ஆகாத, அறை இருப்புக் காட்டும் பக்கத்தைக் கொடுங்கள். கூடவே, பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டென்ட் மெட்ச்சில், அறை விபரம் வந்தால் மட்டுமே தோன்றும் சொல்லொன்றைப் போடுங்கள். மெனுவில் உள்ள சொல் உதவாது. ஹொஸ்டிங் கணக்கு முடங்கினால் வரும் அறிவிப்புப் பக்கமும் சிலவேளை 200 தான். அதைப் பிடிப்பது இந்தச் சொல் ஒன்றுதான்.

கூகிள் சோதிக்கும் ஆறு இடங்களிலிருந்தும் நிமிடத்துக்கொரு தடவை பார்த்தால் 30 நாளில் 259,200 சோதனை. மாதம் 10 இலட்சம் இலவசம், மேலே போனால் ஆயிரத்துக்கு 0.30 டொலர். ஆகவே மூன்று செக் அடங்கும், நாலாவது தாண்டும். சின்ன விடுதிக்கு 5 நிமிட இடைவெளி தாராளம்.

பொய் அலாரம் பெரும்பாலும் செக்யூரிட்டி பிளகினால் வரும். கூகிளின் சோதனையை ரோபோ என்று தடுத்து 403 (அனுமதி இல்லை) அனுப்பிவிடும். சோதனைச் சேர்வர்களின் ஐபி முகவரிப் பட்டியலைக் கூகிள் கிளவுட் கன்சோலிலேயே (நிர்வாகத் திரையிலேயே) எடுக்கலாம். அதைப் பிளகினின் அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

மின்னஞ்சலை மட்டும் நம்பினால் இரவு இரண்டு மணிக்கு யாரும் எழும்பமாட்டார்கள். கூகிள் கிளவுட் மொபைல் அப்பையும் அறிவிப்பு வழியாகச் சேர்த்து, போனின் ‘தொந்தரவு செய்யாதே’யில் அதற்கு விலக்குக் கொடுங்கள். செக் அமைக்கும் திரையிலுள்ள டெஸ்ட் பட்டன் தளத்தைத்தான் சோதிக்கும், அலேர்ட்டை (எச்சரிக்கை அறிவிப்பை) அல்ல. கன்டென்ட் மெட்ச் சொல்லை வேண்டுமென்றே பிழையாக மாற்றிவிட்டு, போன் அடிக்கிறதா என்று பாருங்கள்.

குறை என்றால் திரை. தேவையில்லாத மெனுக்கள் நிறைய, முதல்முறை வருபவர் திணறுவார். இதே வேலையைச் செய்யும் அப்டைம்ரோபோ என்ற சேவை இதைவிட எளிது. ஆனால் அதன் இலவசத் திட்டம் வணிகத் தளங்களுக்கு இல்லை. கூகிளில் எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கானது) முடிவதற்குத் தனி அலேர்ட் போடவேண்டும்: 15 நாள் மிச்சம் என்று வையுங்கள். 90 நாள் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கத் தவறினாலும் கைவைக்க அவகாசம் இருக்கும்.