‘பற்றரி உறைந்து போச்சு’ என்றால் உடனே நம்பாதீர்கள்

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்கரையில் படகு விட்டு வைக்கிற நம்மவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். நான் படகு விட்ட மரீனாவின் (படகு நிறுத்தித் திருத்தும் இடம்) பெயரை எழுதவில்லை. கடனட்டை நிறுவனத்திடம் போட்ட முறைப்பாடு இன்னும் முடியவில்லை.

நானும் மச்சானும் சேர்ந்து மூன்று வருடத்துக்கு முன் பழைய 18 அடி அலுமினியப் படகு ஒன்று வாங்கினோம். பின்னால் 115 குதிரைவலு எஞ்சின், உள்ளே இரண்டு பற்றரி. வீட்டு வாசலில் காருக்கே இடமில்லை என்பதால் ஒக்ரோபரில் மரீனாவிலேயே விட்டோம். பிளாஸ்டிக்கால் சுற்ற ஒரு காசு, நிறுத்தி வைக்க ஒரு காசு, அதற்கு மேல் ‘பற்றரிப் பராமரிப்பு’ என்று 60 டொலர். பற்றரிகளைக் கழற்றிக் கட்டடத்துக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ணுவார்களாம். இந்த 60 டொலரை ஞாபகத்தில் வையுங்கள்.

மே மாதம், விக்டோரியா நாள் விடுமுறைக்கு முந்திய கிழமை போய்த் திறப்பைத் திருப்பினேன். ‘டிக்’. அவ்வளவுதான். எஞ்சின் சுற்றவில்லை. மீன் காட்டும் திரை அணைந்து மறுபடி எரிந்தது. பட்டறையில் நின்ற பொடியன் எட்டிப் பார்த்தான். மீற்றர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. குளிருக்கு இரண்டு பற்றரியும் உறைந்து செத்துவிட்டன என்றான். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது: எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டரும் போய்விட்டதாம். எல்லாம் எவ்வளவு வரும் என்றேன். “ஆயிரத்துக்குள் முடியும்.” விடுமுறைக்கு ஆட்களைக் கூப்பிட்டாயிற்று. “சரி, செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டேன். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை.

பற்றரி இரண்டுக்கு 520, ஸ்டார்ட்டருக்கு 610, மூன்று மணித்தியாலக் கூலி 450, வரியோடு 1,785 டொலர். காசு கட்டும்வரை படகைத் தரமாட்டோம் என்றார்கள். ஒன்ராறியோவில் திருத்தியவர் அப்படிப் பிடித்து வைக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறது. கழற்றிய ஸ்டார்ட்டரைக் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டதாம். கட்டினேன்.

சனிக்கிழமை ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. இரண்டு மணித்தியாலம் நல்ல மீன். நங்கூரத்தைத் தூக்கிவிட்டுத் திறப்பைத் திருப்பினால், பழைய ‘டிக்’. பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, இன்னொரு படகு இழுத்து வரும்வரை நடு ஏரியில் காற்றில் மிதந்தோம்.

அடுத்த நாள், யாழ்ப்பாணத்து மயிலிட்டி அண்ணை ஒருவரைக் கூட்டிப் போனேன். ஊரில் இளவயதிலேயே வெளியிணைப்பு எஞ்சினோடு கடலில் ஓடியவர். கையில் இருந்தது இருபது டொலர் மல்டிமீற்றர் மட்டும். பற்றரி முனைகளில் வைத்தார்: 12.6 வோல்ட், முழு சார்ஜ். “பற்றரி நல்லாத்தான் கிடக்கு, தம்பி. கரண்ட் போற வழியைப் பாப்பம்.” மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் கறுப்பு முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, “இப்ப திருப்பு” என்றார். மீற்றர் 7-ஐத் தாண்டியது. அரை வோல்ட்டே வரக்கூடாத இடமாம் அது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய வலுவில் பாதிக்கு மேல் ஒற்றைக் கேபிளில் செத்துக்கொண்டிருந்தது.

கேபிள் எஞ்சினில் பூட்டப்பட்டிருந்த முனையைக் கழற்றினார். மேல் உறையைக் கத்தியால் கீறியதும் உள்ளே இருந்து பச்சைத் தூள் கொட்டியது. செம்பு இழைகளில் பாதி கையோடு வந்தது. விளக்குக்கு ஒன்றிரண்டு அம்பியர் போதும், மிச்சம் இருக்கிற நாலு இழை அதைத் தாங்கிவிடும். ஸ்டார்ட்டர் கேட்பது நூறுக்கு மேல். பற்றரி மாற்றும்போது கேபிளை அசைத்ததில் தற்செயலாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அன்று காலை பிடித்திருக்கிறது. அழுகிய பகுதியை வெட்டி, புது முனை நசுக்கிப் பூட்டி, கிரீஸ் பூசினார். செலவு 14 டொலர். அன்றிலிருந்து ஒரு ‘டிக்’ கூட இல்லை.

திரும்பி வரும்போது அண்ணைதான் அந்த 60 டொலரைக் கிளறினார். முழு சார்ஜில் இருக்கிற ஈய அமிலப் பற்றரி சுழியத்துக்குக் கீழ் 50 பாகையிலும் உறையாது. வெறுமையான பற்றரிதான் சுழியத்துக்குக் கீழ் ஏழெட்டுப் பாகையிலேயே உறைந்து வெடிக்கும். அப்படியென்றால் மாதாமாதம் சார்ஜ் பண்ணியது பொய், அல்லது உறைந்தது பொய். கட்டடத்துக்குள் வைத்த பற்றரிக்கு எந்தக் குளிர் என்றும் தெரியவில்லை.

புதுப் பற்றரியையும் திருப்பிப் பார்த்தோம். பக்கத்தில் ஒட்டியிருந்த வட்டச் சீட்டில் இரண்டு வருடத்துக்கு முந்திய திகதி.

ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால் அதற்கு மேல் 10 வீதத்துக்கு மிஞ்சி வாங்க முடியாது. என்னிடம் இருந்ததோ போனில் கேட்ட “ஆயிரத்துக்குள்”. நீங்கள் ஒரு மின்னஞ்சலாவது வாங்கிவிட்டு ‘சரி’ சொல்லுங்கள். கழற்றுகிற சாமான் எனக்கு வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். பற்றரியைக் கழற்றி வீட்டு நிலவறையில் வைப்பது பத்து நிமிட வேலை.

பச்சைத் தூள் பிடித்த கேபிள் துண்டோடு மேலாளரிடம் போனேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வரும் குளிர்காலத்துக்குப் பற்றரிப் பராமரிப்பு இலவசமாகத் தருகிறேன் என்றார்.