பழைய கேஸ் மடக்குக்கத்தி: விலைக்கையேடு, ஏலத் தளம், கடைக்காரர், மதிப்பீட்டாளர் – யார் சொல்லும் விலை சரி?

அமெரிக்காவில் தாத்தாவின் மேசை இழுப்பறையைத் திறந்தால் பழைய மடக்குக்கத்தி ஒன்று அகப்படுவது சகஜம். அது பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் ‘கேஸ்’ (Case) நிறுவனம் செய்த கத்தி என்றால் வாங்க ஆள் உண்டு. ஆனால் நான்கு இடத்தில் விசாரித்தால் நான்கு விலை வரும். அதில் யாரும் பொய் சொல்வதாக அர்த்தமில்லை, ஒவ்வொருவரும் சொல்வது வேறு வேறு விலை.

சேகரிப்போருக்காக அச்சிடும் விலைக்கையேடு அடையாளம் காண்பதற்குத்தான் உதவும், விலைக்கு அல்ல. அலகின் அடியில், மடக்கும் ஆணியை ஒட்டிய முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ‘டெஸ்டட்’ என்றிருந்தால் 1920 முதல் 1940 வரை. வெறும் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்றால் 1964 வரை. ‘யு.எஸ்.ஏ.’ சேர்ந்திருந்தால் 1965–69. 1970இல் கீழே பத்துப் புள்ளிகள் வந்தன, பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1979இல் ஒரே புள்ளி. அடுத்தது கத்தியின் மாதிரி எண். 6254 என்றால் 6 எலும்புப் பிடி, 2 இரண்டு அலகு, 54 ‘டிராப்பர்’ (Trapper) என்ற வடிவம். 3254 அதே கத்திதான், பிடி மட்டும் மஞ்சள்.

கையேட்டின் விலையை நம்பி ஏமாறுவது எங்கே என்றால், அங்கே அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ‘மின்ட்’ நிலைக்கான விலை. மின்ட் என்றால் சாணை பிடிக்காத, பையில் போட்டுத் திரியாத, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கத்தி. தேசியக் கத்தி சேகரிப்போர் சங்கத்தின் தரவரிசைப்படி, அலகு 10 சதவீதத்துக்கு மேல் தேயாதது ‘எக்ஸலன்ட்’, சுமார் 25 சதவீதம் தேய்ந்தது ‘வெரி குட்’, பாதி தேய்ந்தது ‘ஃபேர்’. தினமும் ஆப்பிள் நறுக்கிய தாத்தா கத்தி பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் விழும்.

விலைக்கு என் வாக்கு ஏலத் தளத்துக்கே. ஆனால் விற்றுப்போனவற்றை மட்டும் பாருங்கள். விற்கக் காத்திருப்பவற்றின் விலை சொந்தக்காரரின் ஆசை, அவ்வளவுதான். அதே எண், அதே முத்திரை, அதே தேய்மானம் உள்ள ஐந்தாறு விற்பனைகளை எடுத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதைப் பாருங்கள். ஈபேயில் விலையின் மேல் கோடு அடித்திருந்தால் பேரம் படிந்தது அதைவிடக் குறைவாக என்று பொருள். அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளில் வாங்குபவர் தரும் கூடுதல் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

படத்தில் தெரியாத குறைகள்தான் இந்த வழியின் பலவீனம். கடைக்காரர் அங்கேதான் ஜெயிக்கிறார். அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார். மூடும்போது ‘டக்’ என்று விழுகிறதா, சோம்பலாகப் போகிறதா என்று கேட்பார். பிடியில் ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் தேடுவார். பழைய முத்திரைக்கு விலை அதிகம் என்பதால், இருப்பதைத் தேய்த்துவிட்டுப் போலியாகக் குத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்த இடம் மெலிந்து, அலகுக்கும் பக்கத்துப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். இரண்டு அலகுகளின் முத்திரையும் ஒரே காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்று மாற்றியதாக இருக்கலாம். இத்தனையும் ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் அவர் சொல்வது தன் லாபத்தைக் கழித்த கொள்முதல் விலை. அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். பெட்டியோடு மொத்தமாகக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்லச் சொல்லுங்கள். நல்ல கத்தி ஒன்றிரண்டுக்காகவும் மொத்த விலை பேசப்படுவது உண்டு.

மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குவது ஒற்றைக் கத்திக்குத் தண்டம். வாரிசுப் பங்கீடு, காப்பீடு, 5,000 டாலருக்கு மேற்பட்ட நன்கொடைக்கான வரிச்சலுகை ஆகியவற்றுக்கு மட்டும் சரி. நோக்கத்தை முதலிலேயே சொல்லுங்கள்: காப்பீட்டுக்கு எழுதுவது மாற்று வாங்கும் விலை, பங்கீட்டுக்கு எழுதுவது சந்தை விலை, முதலாவது பெரும்பாலும் கூடுதல். மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று கேட்பவரிடம் போகவே வேண்டாம். மதிப்பை ஏற்றினால் அவர் கூலியும் ஏறும்.

எந்த வழியில் போனாலும், அதுவரை கத்தியில் கை வைக்காதீர்கள். மெருகுச் சக்கரத்தில் ஒரு முறை காட்டினாலே முத்திரை மழுங்கி, ஆலை மெருகு போய்விடும். ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பழைய செல்லுலாய்டு (பிளாஸ்டிக்கின் ஆரம்பகால வகை) பிடி இருந்தால் அந்தக் கத்தியை மற்றவற்றோடு மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். பிடி சிதையும்போது கசியும் அமில ஆவி அக்கம்பக்கத்து அலகுகளையும் துருப்பிடிக்க வைக்கும். பிடி எந்தப் பொருள் என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்துவதும் வேண்டாம், செல்லுலாய்டு என்றால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.