இந்திரஹார் கணவாய்க்குப் பணம் கட்டும் முன் பில்லைப் பாருங்கள்

தர்மசாலாவுக்கு மேலே தௌலாதார் மலைத்தொடரில் இருக்கும் இந்திரஹார் கணவாய்க்குக் கிளம்பும் நண்பர்களே, கவனம். மெக்லியோட்கஞ்ச் ஏஜென்சி ஒன்று எங்கள் குழுவை நன்றாக ஏமாற்றிவிட்டது.

பயிற்சி பெற்ற கைடு, கயிறு, ஆக்சிஜன் சிலிண்டர், அனுமதி எல்லாம் உண்டு என்று போனில் சொல்லி முழுப்பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். வழியில் இருக்கும் திரியுண்ட் மேடு வரை வந்த கைடு, "கீழே வேறு குழு காத்திருக்கிறது" என்று இறங்கிப் போய்விட்டார். மேலே கூட்டிப்போக மிஞ்சியது சமையலுக்கு வந்த பையன். அவன் கணவாயை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. பாவம், கூலிக்கு வந்தவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

திரியுண்ட் ஏறக்குறைய 2,850 மீட்டர்தான், அங்கே யாரும் போய்வரலாம். கணவாய் 4,342 மீட்டர். இரவு தங்கும் லஹேஷ் குகையைத் தாண்டினால் பாதை என்று ஒன்றும் கிடையாது. பெரும் பாறைகள், செங்குத்தான சரிவு, பல இடங்களில் கையூன்றித்தான் ஏற வேண்டும். மதியம் ஆனால் காங்க்ரா பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி மலையை மூடிவிடும், ஆலங்கட்டி மழையும் இடியும் சகஜம். அதனால்தான் விடியுமுன்னே குகையை விட்டுக் கிளம்புவார்கள். எங்களுக்கோ வெயில் ஏறிய பிறகுதான் டீயே வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே மேகம் சூழ்ந்தது, பாறை நனைந்து வழுக்கியது, பையன் எங்களிடமே வழி கேட்டான். தோழி ஒருத்திக்குத் தலைவலி, வாந்தி. ஆக்சிஜன் எங்கே என்றால், "கீழே ஆபீஸில்." கயிறும் இல்லை. ஆடு மேய்க்கும் ‘கத்தி’ (Gaddi) என்ற மலை இனத்துப் பெரியவர் ஒருவர் தற்செயலாக எதிரே வந்து, குகைவரை இறக்கிவிட்டார்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோதுதான் சூழ்ச்சியே புரிந்தது. பில்லில் "திரியுண்ட் கேம்பிங்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். கணவாய் என்ற பேச்சே இல்லை. "சொன்ன இடத்துக்குக் கூட்டிப்போனோமே" என்று கையை விரித்துவிட்டார்கள். அனுமதித் தாளைக் கடைசிவரை கண்ணில் காட்டவில்லை.

பில்லில் இந்திரஹார் என்று எழுதச் சொல்லுங்கள். உங்களோடு உச்சிவரை வரப்போகிற கைடு யார் என்று பெயரோடு கேளுங்கள். உத்தரகாசி, மணாலி, டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் படித்தவர்களிடம் சான்றிதழ் இருக்கும், காட்டத் தயங்கமாட்டார்கள். கயிற்றையும் சிலிண்டரையும் கிளம்பும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். பாதிப் பணத்தை இறங்கி வந்த பிறகு கொடுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அக்டோபர் பயணத்துக்கு அதே ஏஜென்சி இப்போது பணம் வசூலிக்கிறது. ஏற்கெனவே கட்டியவர்கள், உங்கள் பில்லில் எந்த இடத்தின் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.