இலவசமாகக் கிடைப்பதற்கு 4,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்

இன்று மதியம்தான் விஷயம் தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் தமிழ் எழுத்துருவும், கூடுதல் வசதி தரும் ப்ளக்-இன்னும் போடுவது எப்படி என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன், யாரும் என்னைப் போல ஏமாற வேண்டாம்.

பாம்பனில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பதால் காதணி விழா, புதுமனை என்று ஃப்ளெக்ஸ் வேலை வரும். இந்த நேரம் பார்த்து, பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த திருட்டு மென்பொருள் பல்லை இளித்துவிட்டது. காசு கொடுத்து வாங்க வசதியில்லை. கிம்ப் நல்லா இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அரண்மனைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பெயர் போடவில்லை, போட்டால் வேறு வம்பு வரும். உள்ளே இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். "வாங்கண்ணே, பாம்பனா? எங்க அக்காவையும் அங்கதான் கட்டிக் கொடுத்திருக்கு" என்றான். டீ வந்தது. என் மகள் பெயரைக் கேட்டான். தட்டினான். அவன் திரையில் தங்க நிறத்தில், ஓரம் மின்ன, என் பிள்ளையின் பெயர். அந்த இடத்தில்தான் விழுந்தேன். பிள்ளை பெயரைப் பார்த்ததும் எந்த அப்பனுக்குக் கணக்குக் கேட்கத் தோன்றும்?

லைஃப்டைம் லைசென்ஸ் 1,500. தமிழ் எழுத்துரு மூட்டை 2,000. ப்ளக்-இன் 1,300. மொத்தம் 4,800. பில் கேட்டதற்கு, பின்பக்கம் யாரோ ரேஷன் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டில் 4,800 என்று எழுதிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து தங்கச்சிமடத்து காதணி விழா ஃப்ளெக்ஸை எடுத்தேன். 63 மாமன், மச்சான் பெயர் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. எடுத்து ஒட்டினால், எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும் அதே மூஞ்சி. நாற்பது எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், ஒரு சுழி கூட மாறவில்லை. ப்ளக்-இன்னோ மெனுவிலேயே காணோம்.

போன் போட்டேன். "ரீஸ்டார்ட் பண்ணுங்கண்ணே." மறுநாள், "ரேம் பத்தாதுண்ணே." அடுத்து, "கடலோரம்ல, உப்புக்காத்துல போர்டு போயிருக்கும்." உப்புக்காத்துக்கு எழுத்துருவை மட்டும் தேடிப் பிடித்துத் தின்னத் தெரியுமா? நாலாவது நாள் ஓனர் மதுரை போயிருந்தார். ஐந்தாவது நாள் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால், "அது சர்வீஸ் சார்ஜ், திருப்பித் தர முடியாது" என்று வேறொரு பையன் சொன்னான். டீயும் இல்லை.

இன்று அக்கா மகன் வந்தான், பாலிடெக்னிக் படிக்கிறான். பார்த்துவிட்டுச் சிரித்தான். கிம்ப் 1995இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் ஆரம்பித்ததாம். அன்றைக்கும் இலவசம், இன்றைக்கும் இலவசம், லைசென்ஸுக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு விற்ற எழுத்துரு அத்தனையும் பாமினி வகை, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைக்கும் பழைய முறை. அதில் அம்மா என்று வர, எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசையைத் தட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவது யூனிகோடு, எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்து முறை. அந்தத் தமிழ் எழுத்து பாமினியில் கிடையாது, அதனால் கணினி தன்னிடம் இருக்கிற வேறொரு எழுத்துருவில் காட்டிவிடுகிறது. ப்ளக்-இன் கதை இன்னும் மோசம். போட்டுக் கொடுத்த கிம்ப் 3.0, அது 2025 மார்ச்சில் வந்தது. ப்ளக்-இன்கள் பழைய 2.10 பதிப்புக்கு எழுதியவை, 3.0இல் ஓடவே ஓடாது. மாப்பிள்ளை இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்தான். செலவு, ஒரு சர்பத்.

போட்டுத் தந்த வேலைக்குக் கூலி வாங்கட்டும், 300, 500 கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். இல்லாத லைசென்ஸுக்கு 1,500ஆ? 4,800 ரூபாய்க்கு எத்தனை பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கணும் தெரியுமா?

சரி, சொல்கிறேன் என்றேன் அல்லவா. கிம்ப்பை அதன் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். எழுத்துரு வாங்கப் போனால் யூனிகோடா என்று முதலில் கேளுங்கள், அதைவிட வாங்கவே போகாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேடமரன், முக்தா மலர் எல்லாம் சும்மா கிடைக்கிறது. வலது சொடுக்கி நிறுவிவிட்டு, கிம்ப்பின் எழுத்துருப் பட்டியலில் புதுப்பி பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். ப்ளக்-இன் எந்தப் பதிப்புக்கு என்று பாருங்கள், 3.0இல் ஒவ்வொன்றும் தன் பெயரிலேயே ஒரு தனி ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். ஜிமிக் என்று ஒரு ப்ளக்-இன், படத்துக்கு விதவிதமான தோற்றம் தரும் நூற்றுக்கணக்கான ஃபில்டர், அதுவும் இலவசம். துண்டுச் சீட்டில் பில் வாங்காதீர்கள்.

படம் போட்டு விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன். காதணி ஃப்ளெக்ஸ் ராத்திரிக்குள் பிரிண்டுக்குப் போயாக வேண்டும், 63 பேரில் 20 மாமன்தான் முடிந்திருக்கிறது.