மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தா, மாத்திரையா, ஸ்பிரேயா?

தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூருக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறவன் நான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அப்படியும் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். மார்கழி பிறந்தால் காலையில் எழுந்ததுமே பத்துப் பதினைந்து தும்மல்.

முதலில் சளியா, அலர்ஜியா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல், உடம்புவலியோடு வந்து ஒரு வாரம், பத்து நாளில் போய்விட்டால் பெரும்பாலும் வைரஸ் சளி. கஞ்சியும் ஓய்வும் போதும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகிவிட்டது என்பதற்காக மட்டும் வாங்கிப் போட வேண்டியதில்லை. மூக்கும் கண்ணும் அரித்து, தண்ணியாக ஒழுகி, வாரக்கணக்கில் இழுத்தால் அலர்ஜி. எனக்கு அதுதான்.

சொட்டு மருந்தில்தான் ஆரம்பித்தேன். ஆக்சிமெட்டாசோலின் விட்டால் சில நிமிடத்தில் மூக்கு திறக்கும், அவ்வளவு சுகம். மூக்குக்குள் வீங்கிய ரத்தக்குழாய்களை அது சுருக்குகிறது. மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள்தான் போடலாம். அதைத் தாண்டினால், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். அதைத் திறக்க மறுபடி சொட்டு. நான் மூன்று வாரம் போட்டேன். தலையணைக்கு அடியில் பாட்டில் இல்லாமல் தூக்கம் வராது. “இன்னா தம்பி, போன வாரம்தானே ஒண்ணு வாங்கினே?” என்று மருந்துக்கடை அண்ணன் கேட்டபோதுதான் உறைத்தது.

மாத்திரை பரவாயில்லை. செட்ரிசின் 10 மி.கி. தும்மலையும் அரிப்பையும் நன்றாகவே நிறுத்தும். அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. எனக்குக் கண்ணைச் சொருகும், லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது ஆகாது. ஃபெக்சோஃபெனடினில் தூக்கம் குறைவு, ஆனால் ஜூஸோடு போடக்கூடாது. ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். மாண்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை நம் ஊரில் சகஜம். மனநிலை மாற்றங்கள் வரலாம் என்று அதற்கு அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. போட்டுக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் நிற்பது ஸ்டீராய்டு ஸ்பிரேயில், ஃப்ளுட்டிகாசோன். ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் அம்மா பயந்தார்கள். மூக்குக்குள்ளேயே வேலை செய்வது, ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம் என்று காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கிய பிறகுதான் சமாதானமானார்கள். அடைப்பு, தும்மல், ஒழுகல் மூன்றுக்கும் கேட்கிறது.

ஆனால் இதில் எல்லாமே பராமரிப்புதான். அடித்தவுடன் திறக்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவும் நாள் தவறாமல் அடித்தால். நான்காம் நாளே “இது வேலைக்காகாது” என்று பரணில் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

அடுத்தது அடிக்கிற விதம். முதல் வாரம் எனக்கு மூக்கில் ரத்தம் கசிந்தது. வலது கையால் வலது துவாரத்தில் அடித்ததில் மருந்து நேராக நடுச்சுவரில் பட்டிருக்கிறது. இப்போது கையை மாற்றிவிட்டேன்: வலது கை, இடது துவாரம், இடது கை, வலது துவாரம். பாட்டிலைக் குலுக்கி, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, நுனியைக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்து, மெதுவாக மூச்சிழுக்க வேண்டும். சர்ரென்று உறிஞ்சினால் பன்னீர் மாதிரி ஒரு வாசனையோடு மருந்து தொண்டைக்குப் போய்விடும். மூக்குக்கு ஒன்றும் மிஞ்சாது.

செலவையும் எண்ணிப் பாருங்கள். என் பாட்டிலில் 120 முறை அடிக்கலாம். துவாரத்துக்கு இரண்டு வீதம் நாளைக்கு நான்கு என்றால் 30 நாள். அடங்கிய பிறகு டாக்டர் துவாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தார். இப்போது 60 நாள் வருகிறது. கணக்கு முடிந்தாலும் அடியில் மருந்து ஆடும், ஆனால் அளவு சரியாக வராது. அதனால் திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் லேபிளில் எழுதிவைக்கிறேன்.

ஸ்பிரேக்கு முன் உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவினால் இன்னும் நல்லது. சாலைப் புழுதி வெளியே வந்துவிடும். லாரித் தண்ணியோ குழாய்த் தண்ணியோ, கொதிக்கவைத்து ஆறவைத்ததுதான் மூக்குக்குள் போகலாம். அரிதாக ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கொதிக்கிற பாத்திரமே ஆபத்து.

எனக்கு ஸ்பிரே அனுபவம் ஒரு மார்கழிதான். கண்ணில் பிரஷர் உள்ளவர்களும் குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெஞ்சில் இழுப்பு இருந்தால் கடையில் நிற்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் போய்விடுங்கள். இந்த வருஷம் கார்த்திகை நடுவிலேயே புதுப் பாட்டிலைத் திறந்துவிடப் போகிறேன், போகிப் புகை வருவதற்குள் மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும்.